வளைவில் எழுந்து நின்ற தேங்காய்

செவ்வாய்க்கிழமை ஆனால் பூவன்குறிச்சி வளைவில் கூடும் கூட்டம் குற்றால சீசனைத் தோற்கடித்துவிடும். ஒரு வித்தியாசம் உண்டு. குற்றாலத்துக்குப் போனால் உடம்பாவது சுத்தமாகும்.

அச்சன்புதூர் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து பூவன்குறிச்சிக்குப் போவது மூன்று கிலோமீட்டர் ரோடு. ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பதினெட்டு வருஷமாகத் தார் வாசனை அறியாதது. ஊருக்கு முந்தி, புளியமரத்தடியில் ஒரு வளைவு. அங்கே மாதத்துக்கு நாலு பைக் விழும். விழுந்தவன் கண்ணைத் திறந்தால் முழங்கால் ஆழப் பள்ளம் எதிரே தெரியும். ஆனால் பள்ளத்தைக் குறை சொல்ல ஊருக்கு மனசு வரவில்லை. பேய் தேவைப்பட்டது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் லிங்கேஸ்வரன்.

லிங்கேஸ்வரன் முன்பு குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டவர். அருவிக்கு நாலு மாதம்தான் சீசன், பேய்க்கு வருஷம் முழுக்கச் சீசன் என்று தெரிந்துகொண்டு தொழிலை மாற்றினார். உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்கவைத்து வளைவில் மெல்ல நடப்பார். புளியமரத்துப் பக்கம் வந்ததும் தேங்காய் தானாக எழுந்து நிற்கும்.

"இங்கனதான் ஒருத்தி உக்காந்திருக்கா. ரத்தம் வேணும்னு கேக்கா," என்பார்.

சேவல் ரத்தம் போதுமாம். வீட்டுக்கு ஒரு சேவல். பேய் ரத்தத்தோடு திருப்தியடைந்துவிடும். கறியைப் பற்றி அது கேட்பதில்லை. ஊர் 'சாமி' என்று கும்பிட ஆரம்பித்த லிங்கேஸ்வரனின் உடம்பு அந்த வருஷம் நன்றாகத் தேறியது.

பால்காரர் மாடன் இரண்டு முறை விழுந்து இரண்டு முறையும் காலை முறித்துக்கொண்டவர். முதல் முறிவுக்குப் பிறகு மூன்று சேவல் கொடுத்தார். அடுத்த மாதமே மறுபடி விழுந்தார். "மூணாவது சேவலுக்கு ஒரு நகம் குறைவு," என்று சாமி விளக்கம் சொன்னார். மாடன் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த கோழிகளின் நகத்தை எண்ணினார். மளிகைக்கடை ஞானதுரை அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை ஜெபம், செவ்வாய்க்கிழமை சேவல் என்று முறை வைத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் அந்த ரோட்டுக்கு அரசு ஒரு கோடியே எண்பது லட்சம் ஒதுக்கியது.

"என் பூசைக்கு அரசாங்கமே எறங்கிட்டு பாத்தேளா," என்றார் சாமி. மாலை போட்டார்கள். ஊர் நர்ஸ் சங்கரேஸ்வரி ஆறு வருஷமாகக் கலெக்டர் ஆபீஸ் படியேறி, யார் எந்தத் தேதியில் விழுந்தார், எந்த எலும்பு முறிந்தது என்று எழுதிக் கொடுத்த மனுக்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மனுவுக்கு யாரும் மாலை போடுவதில்லை.

ரோட்டை அளக்க ஷாரோன் என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். வளைவை அப்படியே நிமிர்த்திவிடுவது திட்டம். சாமி புறம்போக்கில் நட்ட கல்லும், போட்ட தகரக் கொட்டகையும் புது ரோட்டின் நடுவில் வந்தன. அன்றைக்கே தேங்காய் ஆவேசமாக எழுந்து நின்றது.

"முன்னாலயும் பின்னாலயும் எவ்வளவு வேணாலும் போடுங்க. வளைவைத் தொட்டா ஊரு தாங்காது."

பொக்லைன் முன்னால் ஊரே உட்கார்ந்துவிட்டது. ஷாரோன் கத்தவில்லை. "நீங்க சம்மதிக்கலைன்னா வளைவை விட்டுட்டு மீதியைப் போட்டுட்டுப் போயிருவேன். அடுத்து எப்ப நிதி வரும்னு எனக்கே தெரியாது," என்றாள்.

சங்கரேஸ்வரிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. போன ஐப்பசி மழையில் பிச்சம்மாளைப் பிரசவத்துக்கு ஏற்றிப் போன ஆட்டோ அந்த வளைவில்தான் கவிழ்ந்தது. சங்கரேஸ்வரியும் அந்த ஆட்டோவில் இருந்தாள். குழந்தை பிழைக்கவில்லை. சாமி அதற்கும் ஒரு சேவல் கேட்டு வாங்கியிருந்தார்.

"சாமி, சக்தி தேங்காய்க்குத்தான?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப உங்க கண்ணுக்கு வேலை இல்லைலா. கண்ணைக் கட்டிக்கிட்டு நடங்க. தேங்காய் அதே இடத்துல நின்னா, நானே பொக்லைனைத் திருப்பி அனுப்புதேன்."

சாமி யோசித்தார். மாடன்தான் அவசரப்பட்டார். "கட்டட்டும் சாமி. அவ வாய் அடங்கட்டும்." பக்தன் சொன்னபிறகு சாமி என்ன செய்வார்.

மாடனின் துண்டால் கண்ணைக் கட்டி, சங்கரேஸ்வரி அவரை நாலு சுற்றுச் சுற்றிவிட்டாள். பொக்லைன் இரைந்துகொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். முதலில் நேராகப் புளியமரத்தடிக்கே கூட்டிப் போய் நிறுத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய் நிம்மதியாகத் தூங்கியது. அப்புறம் வயல் வரப்போரமாக நூறு எட்டு நடத்தி வேறொரு இடத்தில் நிறுத்தினாள்.

"சாமி, புளியமரம் வந்துட்டு."

தேங்காய் விறைத்து நின்றது.

"இங்கனதான் இருக்கா. ரொம்பக் கோவமா இருக்கா," என்றார் சாமி.

மாடன் மெதுவாகச் சொன்னார். "சாமி, இது பஞ்சாயத்துக் கக்கூஸ்."

யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு அடக்க முடியவில்லை. சாமி துண்டை அவிழ்த்துப் பார்த்தார். சளைக்கவில்லை.

"அவ இடம் மாறிட்டா."

"ரொம்ப நல்லது," என்றாள் சங்கரேஸ்வரி. "அப்ப வளைவு காலி. ரோடு போடலாம்லா."

மாடன் தேங்காயை வாங்கித் தன் உள்ளங்கையில் படுக்கவைத்தார். ரெண்டு முறை உருண்டு விழுந்தது. மூன்றாவது முறை கையைக் குழித்து, பெருவிரல் அடியால் ஒரு நெம்பு. எழுந்து நின்றது.

"என் கையிலயும் நிக்குதே, வே," என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அப்போது பிச்சம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். திட்டுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"என் பிள்ளை போனதுக்கு நான் சேவல் குறை வச்சதுதான் காரணம்னு சொன்னீரே. ஒரு வருசமா நான் அதை நம்பிக்கிட்டே படுத்து எந்திரிச்சேன்," என்று மட்டும் சொன்னாள்.

பேயோடு அத்தனை காலம் பேசியவருக்கு ஒரு தாயோடு பேசத் தெரியவில்லை. கூட்டம் நெருங்கி வருவதற்குள் மேற்கே பார்த்து நடையைக் கட்டினார். தகரக் கொட்டகையை மாடனே பிரித்துப் போட்டார்.

இரண்டு மாதத்தில் ரோடு முடிந்தது. வளைவு நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அங்கே யாரும் விழவில்லை. பேய்க்குத் தார் பிடிக்காது போலிருக்கிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரோடு முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பஞ்சாயத்துக் கக்கூஸ் வாசலில், குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று இருந்தது. 'அவ இடம் மாறிட்டா' என்றதை யாரோ ஒருவர் பத்திரமாக நம்பிவிட்டார்.

ரோட்டை நிமிர்த்த அரசு ஒரு கோடியே எண்பது லட்சம் கொடுத்தது. மண்டைக்குள் இருக்கும் கோணலை நிமிர்த்த எந்தத் துறையிலும் நிதி கிடையாது. அதை அவனவன் சொந்தச் செலவில்தான் செய்துகொள்ள வேண்டும். பெரிய செலவில்லை, கொஞ்சம் யோசித்தால் போதும்.