மாதா ஓட்டி வந்த கல்யாணக் கார்

கல்யாண வேலை எதையும் அரைகுறையாக விஷயம் தெரிந்தவனிடம் கொடுக்காதீர்கள், பிள்ளைகளே. ஒன்றும் தெரியாதவன் ஒரு மூலையில் கதிரையைப் போட்டுக்கொண்டு ரோல்ஸ் தின்பான், ஆபத்தில்லை. முழுக்கத் தெரிந்தவன் "என்னால ஏலாது" என்று மெல்ல நழுவிவிடுவான். அரைகுறைதான் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "நான் இருக்கிறன், விடுங்கோ" என்று முன்னுக்கு வருவான். உங்கள் ஷாமினிச் சித்தியின் கல்யாணத்தில் அந்த அரைகுறை நான்.

அப்போது நாங்கள் மெல்பனில், ஸ்பிரிங்வேல் பக்கம், ஒரு சின்ன யூனிட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் வின்ஸ் என்று ஓய்வுபெற்ற ஒரு கிழவர். இத்தாலியப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர். அவருடைய கராஜுக்குள் ஓர் அமெரிக்கக் கார் படுத்திருந்தது. எழுபத்துநாலாம் ஆண்டு மொடல். வெளிர்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. நீளத்தைச் சொல்வதென்றால், எங்கள் ஹோலையும் குசினியையும் ஒன்றாக்கிக் காரை உள்ளே விட்டால்கூடப் பின்பக்க லைட் வெளியே நிற்கும். சனிக்கிழமைகளில் வின்ஸ் அதைத் துடைப்பார். நான் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் ஒரு துணியை எடுத்து என்னிடம் எறிந்தார். அன்றோடு உங்கள் அம்மாவுக்குச் சனிக்கிழமைகளில் புருஷன் இல்லாமல் போனான்.

மற்றவர்கள் இந்தக் கார்களின் அழகைப் பார்ப்பார்கள். நான் பத்தாம் வகுப்புவரைதான் படித்தேன் என்றாலும் (கடைசி வருடம் பெரும்பாலும் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன்) கொஞ்சம் ஆழமாகப் பார்க்கிறவன். எனக்குப் பிடித்தது அவற்றின் பயம். ஆதிகாலத்துக் கார்களுக்குப் பயமே கிடையாது. டாஷ்போர்ட் என்கிற முன்பலகை தனி இரும்பு. ஸ்டியரிங் தண்டு, ஓட்டுகிறவரின் நெஞ்சுக்கு நேரே குறிவைத்த ஈட்டி. எங்காவது மோதினால் காருக்கு ஒரு கீறல், ஓட்டினவருக்கு முப்பத்தோராம் நாள் பூசை. பிறகு மெல்ல மெல்லப் பயம் வந்தது. முன்பலகைக்கு மெத்தை தைத்தார்கள். மோதினால் தானே மடிந்துகொள்ளும் தண்டு வந்தது. சீட் பெல்ட் வந்தது. முதலில் அதைக் கொத்துரொட்டிக்கு மேலதிக முட்டை கேட்பதுபோல, விருப்பமானவர்கள் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பிறகு எல்லாக் காரிலும் பெல்ட் வந்தபோது, சனம் அதன்மேலேயே ஏறி இருந்துகொண்டு போனது.

அதற்காக அமெரிக்காவில் ஒரு வேலை செய்தார்கள். முன் சீட்டில் இருக்கிறவர்கள் பெல்ட் போடாவிட்டால் கார் ஸ்டார்ட் ஆகாதபடி வயரைக் கொடுத்துவிட்டார்கள். சனத்துக்குக் கோபம் வந்தது. பெரும்பாலானோர் அந்த வயரை வெட்டி எறிந்தார்கள். கொஞ்ச நாளில் அரசாங்கமே கையை விரித்தது. வின்ஸின் கார் அந்தக் குறுகிய காலத்துப் பிள்ளை. அவரோ வயரில் கை வைக்காத அபூர்வப் பிறவி.

"முன்னால் இருக்கிற எல்லாரும் பெல்ட் போட வேண்டும். இல்லாவிட்டால் இவள் அசையமாட்டாள்" என்று வின்ஸ் எனக்கு விளக்கியிருந்தார். நான் அதைத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் விளக்கினேன். ஸ்பிரிங்வேல் மீன்கடையில் மீன் வெட்டித் தருகிற வியட்நாமியப் பெண்மணிக்குக்கூட விளக்கியிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார்.

இந்த நிலையில்தான் சித்தியின் கல்யாணம் வந்தது. கிரான்பர்னில் இருந்த உங்கள் தாத்தா ஒரு வெள்ளை லிமோசினுக்குச் சொல்லிவைத்திருந்தார். எனக்கு அவர் மாமா. அதிகம் பேசமாட்டார். என்னுடைய குணத்தைப் பற்றி அவர் இன்னும் ஒரு முடிவுக்கு வராத காலம் அது. அவரிடம் போய், "எல்லாரும் போற காரிலை போறதுக்குப் பஸ்ஸிலை போகலாமே, மாமா" என்றேன். (இப்போது எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.)

மாமா என்னைப் பார்த்தார். "ஓடுமோ அது?"

"என்ன மாமா இப்பிடிக் கேக்கிறியள்? நான் பொறுப்பு."

லிமோசின் ரத்தானது. வின்ஸ் காசு வாங்காமல் காரைத் தந்தார். உள்ளே யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது, அது மட்டும்தான் நிபந்தனை. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகினேன். ஒவ்வொரு முறையும் வலது கதவைத் திறந்து ஏறி, ஸ்டியரிங்கைக் காணாமல் தேடினேன்.

எங்கள் தேவாலயத்தில் அப்போதிருந்த ஃபாதர் யாழ்ப்பாணத்து ஆள். நேரம் தவறமாட்டார், தவறுகிறவர்களை விடவும் மாட்டார். "பத்தரைக்குப் பொம்பிளை வாசல்லை நிக்க வேணும். எனக்குப் பின்னாலை இன்னொரு கலியாணம் இருக்கு. பிந்தினால் பூசை இல்லை, ஆசீர்வாதம் மட்டும்தான்" என்று முதலே சொல்லிவிட்டார். பூசை இல்லாமல் மகளுக்குக் கல்யாணம் என்றால் மாமாவுக்கு அதைவிடத் தலைக்குனிவு வேறில்லை. மெல்பனில் தொடங்கி மன்னார்வரை, "ஏனாம் பூசை வைக்கேல்லை?" என்று கதை போகும்.

கல்யாணம் ஒக்டோபரில். அது செபமாலை மாதம். எங்கள் செபக் குழுவின் மாதா சுரூபம் அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு வீடாகப் போய்த் தங்கும். அந்தக் கிழமை மாமா வீட்டின் முறை. கல்யாணத்தன்று காலையில் மாதாவைக் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"பிள்ளை மாதாவோடையே போகட்டும். வேறை என்ன ஆசீர்வாதம் வேணும்?" என்றார் உங்கள் அம்மம்மா, என் மாமி.

எல்லாருக்கும் கண் கலங்கியது. பின் சீட்டில் மாமாவும், பெரிய வெள்ளைக் கவுனோடு ஷாமினியும். கவுனுக்கே இரண்டு பேரின் இடம் வேண்டும். ஆகவே மாதாவை முன் சீட்டில், எனக்கு வலப்பக்கத்தில், பட்டுத்துணி விரித்து எழுந்தருளச் செய்தோம். பிள்ளைகளே, அது சீமெந்தில் வார்த்த பழைய சுரூபம். காலடியில் பாம்பை மிதித்தபடி நிற்கும். தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

நான் ஏறி இருந்தேன். பெல்ட்டைப் போட்டேன். எல்லாருக்கும் கேட்கும்படி, "பெல்ட் போட்டால்தான் இவ அசைவா" என்று கடைசி முறையாக விளக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

அவ அசையவில்லை. முன்பலகையில் பெல்ட் போடச் சொல்லும் சிவப்பு லைட் எரிந்தது. ஒரு வண்டு கத்துவதுபோல எங்கேயோ கத்தியது.

பெல்ட்டைக் கழற்றிப் போட்டேன். வண்டு கத்தியது. இறங்கி, கதவை அடித்து, மறுபடி ஏறி, போட்டேன். வண்டு கத்தியது. முன்னால் இருக்கிற ஆள் நான் ஒருவன், நானோ கட்டுண்டு கிடக்கிறேன். அப்படியென்றால் கோளாறு பின்னால்தான் என்று என் அரைகுறை மூளை சொன்னது.

"மாமா, நீங்களும் ஒருக்காப் போடுங்கோ."

மாமா போட்டார்.

"ஷாமினி, நீரும்."

"கவுன் கசங்கிடும் அத்தான்."

"பூசை வேணுமோ, கவுன் வேணுமோ?"

மூன்று மாதமாகத் தைத்த கவுனைப் பெல்ட் நடுவால் நசுக்கியது. ஷாமினி அழத் தொடங்கினாள். வண்டு கத்தியது.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. உங்கள் அம்மா டிரைவ்வேயில் நின்றுகொண்டே, "ஓம் ஓம், பாதி வழி வந்திட்டம்" என்றாள். (கோயிலுக்குப் புறப்படும் நேரத்தில் சொன்ன பொய். அதைப் பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.) வேறு காரில் போகலாம் என்றால், அங்கே நின்ற மற்ற இரண்டு காரும் இந்தக் கப்பலுக்குப் பின்னால் சிறைப்பட்டிருந்தன. டாக்சி வர அரைமணி நேரமாம்.

மாமாவின் பழைய கூட்டாளி செபஸ்தியான் அங்கிள் கோட்டைக் கழற்றினார். "தள்ளுவம். தள்ளி ஸ்டார்ட் ஆகாத கார் உலகத்திலை இல்லை."

"அங்கிள், இது ஓட்டோ கியர். தள்ளி ஸ்டார்ட் பண்ண ஏலாது."

"நீர் சும்மா இரும் தம்பி. நீர் பேசினது காணும்."

கோட்டும் டையுமாக ஆறு பேர் தள்ளினார்கள். கார் ஒரு சாண் போய், வாசல் பள்ளத்தில் யோசித்து, இரண்டு சாண் பின்னால் வந்தது. செபஸ்தியான் அங்கிளின் காற்சட்டை பின்பக்கம் பிரிந்தது. முன்வீட்டு வெள்ளைக்காரர் புல்வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, கதிரையே கொண்டுவந்து போட்டு இருந்து பார்த்தார். "கண்ணூறு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாமி ஓடிப்போய்த் தீர்த்தப் போத்தலைக் கொண்டுவந்து பொனெட் முழுக்கத் தெளித்தார்.

நேரம் பத்தேகால். மாமாவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

கடைசியில் வெட்கத்தை விட்டு வின்ஸுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன். அவர் ஏதோ ஹார்ட்வெயார் கடை வாசலில், வார இறுதிகளில் அங்கே சுட்டு விற்கிற சொசேஜைத் தின்றுகொண்டு நின்றார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"லைட் எரிகிறதா?"

"எரிகிறது."

"நீ பெல்ட் போட்டிருக்கிறாயா?"

"போட்டிருக்கிறேன்."

"முன்னால் உன் பக்கத்தில் யார்?"

"ஒருத்தருமில்லை."

பின் சீட்டில் மாமா கண்ணைத் திறந்தார். "என்ன தம்பி சொன்னீர்?"

"முன்னுக்கு ஆரெண்டு கேக்கிறார் மாமா. ஒருத்தருமில்லை எண்டு சொன்னனான்."

"மாதா இருக்கிறா. உமக்கு அவ ஒருத்தருமில்லையோ?"

எனக்கு உச்சியில் யாரோ தேங்காய் உடைத்ததுபோல இருந்தது. வின்ஸிடம் சொன்னேன். சுரூபம் எவ்வளவு பாரம் என்று கேட்டார். பாதி அரிசி மூடை இருக்கும் என்றேன். மறுபக்கம் இருமல் கேட்டது. சொசேஜ் புரைக்கேறிவிட்டதோ என்று பயந்தேன். பிறகு சொன்னார்: "சீட்டுக்குள் பாரம் பார்க்கிற ஒரு பொறி இருக்கிறது. பாரம் இருந்தால் அதற்கு ஆள். எந்த ஆள் என்று அது கேட்காது. பெல்ட்டைப் போடு."

மாமி நெஞ்சில் கை வைத்தார். "மாதாவைக் கட்டுறதோ? சாவான பாவம்."

"அப்ப தூக்கிப் பின்னுக்கு வைப்பம், மாமி" என்றேன்.

"முன்னுக்கு இருந்தவவைப் பின்னுக்குத் தள்ளுறதோ? அதுவும் கலியாண நாளிலை?"

இரண்டுக்கும் நடுவில் பூசை போய்க்கொண்டிருந்தது. மாமா இறங்கினார். சிலுவை அடையாளம் போட்டார். பெல்ட்டின் நாக்கைக் கையில் எடுத்து, உதட்டில் வைத்து முத்தி செய்தார். "தாயே, சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்" என்று சொல்லி, மெதுவாக மாதாவைச் சுற்றிக் கொண்டுபோய்க் கொழுவினார். மேல் பெல்ட் முகத்தை மறைத்ததால் அதைத் தோளுக்குப் பின்னால் விட்டார். கீழ் பெல்ட் சரியாகப் பாம்பின் கழுத்தை நெரித்தது.

வண்டு வாயை மூடியது. சாவியைத் திருப்பினேன். எழுபத்துநாலாம் ஆண்டு இஞ்சின் சிங்கம்போல எழுந்தது. செபஸ்தியான் அங்கிள் ஒரு கையால் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு மறு கையால் டாட்டா காட்டினார்.

வழியில் ஒரு சிவப்பு லைட்டில் நின்றோம். வலப்பக்கம் ஒரு லொறி வந்து நின்றது. டிரைவர் தற்செயலாகத் திரும்பினார். இந்த நாட்டில் ஓட்டுகிறவர் வலப்பக்கம்தான் இருப்பார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பார்த்தபோது அந்த இடத்தில் நீல முக்காட்டோடு, பெல்ட்டும் போட்டுக்கொண்டு, அமைதியாக நேரே பார்த்தபடி மாதா. பச்சை விழுந்தது. நாங்கள் போனோம். லொறி போகவில்லை.

கோயில் வளவுக்குள் காரைத் திருப்பியபோது மணி பத்தே முக்காலுக்கு மேல். ஃபாதர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏச வேண்டியதை எல்லாம் அவர் வாயில் சேர்த்து வைத்திருந்தது தூரத்திலேயே தெரிந்தது. காரை அவர் முன்னால் நிறுத்தினேன். என்னுடைய பக்கம் மறுபக்கம். அவருடைய கண்ணுக்கு நேரே கண்ணாடிக்குள் தெரிந்தது மாதாவின் முகம்.

ஃபாதர் வாயைத் திறந்தார். மூடினார். குனிந்து பெல்ட்டைப் பார்த்தார்.

"ஆர் ஓட்டினது?" என்றார்.

மாமா பின்னாலிருந்து இறங்கினார். அதிகம் பேசாத மனிதர் என்று சொன்னேன் அல்லவா. மாதா பக்கம் கையைக் காட்டினார். அவ்வளவுதான்.

"ம். அவ கொண்டுவந்தால் நான் என்ன சொல்லுறது" என்றார் ஃபாதர். "கெதியா வாங்கோ, பிரசங்கத்தைச் சுருக்குறன்."

முழுப் பூசை நடந்தது. பிரசங்கம் சின்னதாக இருந்ததற்கு எல்லாரும் பிறகு எனக்கு நன்றி சொன்னார்கள்.

ஆனால் அடுத்த ஞாயிறு ஃபாதர் இந்தக் கதையைப் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். அதோடு செபக் குழுவில் ஒரு சட்டம் முளைத்தது. ஒக்டோபரில் மாதா எந்தக் காரில் போனாலும், அது போன வருடம் வாங்கிய புது ஜப்பான் காராக இருந்தாலும், முன் சீட்டில் இருத்திப் பெல்ட் போட வேண்டும். போடும்போது ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்ல வேண்டும், அது மாமி சேர்த்தது. பெல்ட்டை முத்தி செய்ய வேண்டும், அது மாமாவைப் பார்த்து வந்தது. நீங்கள் இரண்டு பேரும் அதை ஏதோ திருச்சபைச் சட்டம் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்துவிட்டீர்கள்.

போன ஒக்டோபரில் புது ஃபாதர் நம் வீட்டு வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தார். கோவாவிலிருந்து வந்தவர், பாவம், எதையும் மரியாதையாகக் கேட்பவர். மிக அழகான வழக்கமாக இருக்கிறதே, உங்கள் ஊரில் தொன்றுதொட்டு இருக்கிறதா என்று மாமியிடம் விசாரித்தார்.

"ஓம் ஃபாதர்" என்றார் மாமி, கண் இமைக்காமல். "மன்னாரிலை எங்கட அப்பப்பா காலத்திலையிருந்து உள்ளது."

மாமா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மாமியின் அப்பப்பாவிடம் இருந்தது ஒரு சைக்கிள்.