மஹதி உளறிய எலும்பு சூப்

ரோலா, ஷார்ஜா.

அன்பும் மரியாதையும் மிகுந்த சுஷ்மிதா அக்காவுக்கு, தம்பி மனைவி நீலா வணங்கி எழுதுவது. இங்கே மூவரும் நலம் என்று எழுத ஆசைதான். இப்போதைக்கு நானும் குழந்தையும் நலம். உங்கள் தம்பியைப் பற்றி நாளைக்கு ரத்த ரிப்போர்ட் வந்தால்தான் எழுத முடியும். போனில் சொன்னால் உங்கள் வீட்டு மாமா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அதனால் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் மஹதி உங்களிடம், “அத்தை, அப்பாக்கு டெய்லி எலும்பு சூப்” என்றதும் லைன் போனதே, அது நெட் கோளாறு இல்லை, நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். மூன்று வாரத்துக்கு முன் லேபில் டியூட்டியில் இருந்தபோது உங்கள் தம்பி ராஜீவ் விரலில் ஊசி குத்திவிட்டது, எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு ரத்தம் எடுத்த ஊசி. உடனே மாத்திரை கொடுத்தார்கள், இருபத்தெட்டு நாள் விடாமல் போட்டால் பெரும்பாலும் தொற்றாதாம். இந்தப் ‘பெரும்பாலும்’ என்ற ஒரு சொல்லோடுதான் அக்கா நான் குடித்தனம் நடத்துகிறேன். அது போதாதென்று, அதில் ஒரு மாத்திரை எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதையே குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். பி.எஸ்சி. படித்தவளாயிற்றே என்று தேடித் தேடிப் படித்தேன். மஜ்ஜைச் செல்களைக் காப்பாற்ற எலிக்கு என்னென்னவோ கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், என் புருஷனுக்கு என்ன கொடுப்பது என்று ஒருவரும் எழுதவில்லை. பீட்ரூட், மாதுளை, முருங்கைக்கீரை எல்லாம் கொடுத்தும், அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் எனக்கு வெளுப்பாகவே தெரிந்தது. எதிர் ஃபிளாட் அஸ்மத் பீவி, காயல்பட்டினத்துக்காரர், நான் அழுவதைப் பார்த்து, “மஜ்ஜைக்கு மஜ்ஜைதாம்மா. நல்லி எலும்பு சூப்பு வச்சு வடிகட்டித் தாறேன், தெரியவே தெரியாது” என்றார். என் நிச்சயதார்த்தத்தன்று கேக்கில் முட்டை என்று தெரிந்ததும் எழுந்துபோய் வாய் கொப்பளித்த உங்களை நினைத்துக்கொண்டேதான் பாத்திரத்தை நீட்டினேன். மிளகு ரசம் என்று சொல்லிப் பதினெட்டு நாள் கொடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் தெரியாமல் இன்னொரு டம்ளர் கேட்கிறார். பீவி வீட்டு அடுப்படியில் எலும்பைப் பார்த்தவள் மஹதி மட்டும்தான். பாவம் என்னோடு போகட்டும், அவரை ஒதுக்கிவிடாதீர்கள்.

மாமாவுக்கு வணக்கம். விளக்கேற்றும்போது உங்கள் தம்பியின் ரத்த அணுக்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள்.

நீலா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ரிப்போர்ட் வந்துவிட்டது, அணுக்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. மஜ்ஜையைத் தாக்கும் அந்த மாத்திரையை இரண்டாம் நாளே மாற்றிவிட்டார்களாம். சொல்லவே இல்லையே என்றேன். “சொன்னேன். நீ அழுதுண்டிருந்த” என்றார். எச்.ஐ.வி. டெஸ்ட் இன்னும் பாக்கி, மிச்ச அழுகையை அதற்கு வைத்திருக்கிறேன். சூப்பை ஒப்புக்கொண்டேன். முதல் வாயிலேயே தெரியும் என்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“காலேஜ்ல டைபாய்டு வந்து தேறினப்போ, தூக்குல வாங்கிண்டு வந்து ஊத்தினதே அக்காதான். யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வேற.”

அக்கா, மாமா பக்கத்தில் இல்லாதபோது ஒரு போன் செய்யுங்கள்.