சம்பந்தி முன்னால் துப்பிய விஸ்கி

ஐம்பதை நெருங்கும் ஆண்களுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடித்தே தீரும். என் வயதுக்காரர்களில் ஒருவர் விடியற்காலையில் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறார். இன்னொருவர் மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்து மீனோடு பேசுகிறார். எனக்கு விஸ்கி வாய்த்தது. குடிக்க அல்ல, ருசி பார்க்க. இந்த வித்தியாசத்தை மனைவி சாந்தியிடம் விளக்கி விளக்கி ஓய்ந்துபோனேன். (“குடிக்கிறவன்கூட சீக்கிரம் முடிச்சிட்டுப் படுத்துருவான்லா. நீங்க மோந்து பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீங்க” என்பது அவள் கட்சி.)

எனக்குப் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்தும் அதையே செய்ய விஸ்கி வசதியாக இருந்தது. துலிப் பூ மாதிரி வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ்கள் வாங்கினேன். இணையத்தில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, துப்பப் பழகினேன். ஆமாம், துப்ப வேண்டும். நாலைந்து வகையை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் விழுங்கினால் மூன்றாவது கிளாஸிலேயே நாக்கு மரத்துவிடும். அதற்கென்று ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தேன். என்னைவிட அந்த வாளிதான் அதிகம் குடித்திருக்கும்.

இந்த நிலையில் என் மகள் ரேவதிக்குச் சம்பந்தம் கூடி வந்தது. பையன் தினேஷ் அவளோடு கல்லூரியில் படித்தவன். அவன் அப்பா மாரிமுத்து சுங்கை ரம்பாயில் லாரி வைத்து, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் காய் ஏற்றுகிறவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தன் கையால் முன்னுக்கு வந்த மனிதர். நிச்சயத்துக்கு நாள் குறிக்க அவரும் அவர் மனைவி லெட்சுமியும் டுரியான் துங்காலில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

எனக்குப் புது மனிதர்களிடம் பேச வராது. வானிலையைச் சொல்லி முடித்தால் அடுத்து என்ன என்று தெரியாமல் விழிப்பேன். மாரிமுத்துவுக்கு விஸ்கி பிடிக்கும் என்று ரேவதி சொன்னதும் எனக்கு உயிர் வந்தது.

“வேணாங்க. சோறு போடுவோம், பேசுவோம், நாள் குறிப்போம், அவ்வளவுதான்” என்றாள் சாந்தி.

“சம்பந்தி மனசு குளிரும், பாரு.”

அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவள் அப்படித்தான், சக்தியை மிச்சம் பிடிப்பாள்.

மாரிமுத்து வரும்போதே லங்காவியில் வாங்கிய ஒரு போத்தலைப் பளபளக்கும் பெட்டியோடு என் கையில் கொடுத்தார். கடையிலேயே விலை கூடினது இதுதான் என்று லெட்சுமி அம்மா மெதுவாகச் சாந்தியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. நான் நன்றி சொல்லிவிட்டு, அந்தப் போத்தலையும் என்னுடைய மூன்று போத்தல்களோடு சேர்த்துச் சமையலறைக்கு அனுப்பினேன். எது எதுவென்று தெரியாமல் ருசி பார்ப்பதுதான் நேர்மை. ஆகவே சாந்தி போத்தல்களுக்கெல்லாம் என் தொழிற்சாலைக் காலுறைகளை மாட்டிக் கொண்டுவந்தாள். துவைத்த காலுறைகள்தான். ஆனாலும் மேசைமேல் நான்கு கால்கள் நிற்பது போலத்தான் இருந்தது. மாரிமுத்து அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐஸ் இல்லீங்களா, சம்பந்தி?”

“ஐஸ் போட்டா வாசனை செத்துரும்.”

“கோலா?”

நான் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

முதல் இரண்டும் சுமாராகப் போயின. அவர் விழுங்கினார், நான் துப்பினேன். ஒவ்வொரு முறை துப்பும்போதும் லெட்சுமி அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மூன்றாவதை முகர்ந்ததும் நான் அப்படியே கண்ணை மூடிவிட்டேன். புகை. சில ஊர்களில் ஒருவகைச் சேற்றுமண்ணை எரித்து, அந்தப் புகையில் தானியத்தைக் காயவைத்து விஸ்கி செய்வார்கள். அதில் கெட்டிக்காரத்தனமாகச் செய்தது இது. ஒரு வாய் எடுத்தேன், உருட்டினேன், வாளியில் துப்பினேன். பிறகு தீர்ப்புச் சொன்னேன்.

“இதுல என்னா வாசனை தெரியுமா சம்பந்தி? கட்டிப்பால் சாக்கு. மழையில நனைஞ்ச கட்டிப்பால் சாக்கு.”

கட்டிப்பால் என்றால் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கிண்ணத்தில், அதாவது மங்கில், உறைந்து கெட்டியாகிப்போன பால். அதைச் சாக்கில் அள்ளிச் சேர்ப்பார்கள். அந்த வாடை அடித்தால் பக்கத்தில் நிற்க முடியாது. தோட்டத்துக்காரர்களுக்கு அதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாரிமுத்து எட்டி அந்தக் காலுறையை உருவினார். லங்காவிப் போத்தல்.



“எங்கம்மா அந்தச் சாக்கத் தூக்கித்தான் எங்கள வளத்தாங்க” என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை. “உங்களுக்குத் துப்புற மாதிரி இருந்தா, பரவால்ல.”

“ஐயோ சம்பந்தி, நான் நல்லதுன்னுதான்…”

அவர் எழுந்து நின்றுவிட்டார். சாந்தி சோறு வைக்கிறேன் என்றாள். இன்னொரு நாள் பார்ப்போம் என்று லெட்சுமி அம்மா தரையைப் பார்த்துச் சொன்னார். கார் போனது. கோழிப் பிரட்டல் அப்படியே இருந்தது. ரேவதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாந்தி வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. தினேஷின் போனை எடுத்தால் அழுகை வருகிறது என்று ரேவதி எடுப்பதே இல்லை. சனிக்கிழமை சாந்தி கார்ச் சாவியை எடுத்து, “கெளம்புங்க” என்றாள். சுங்கை ரம்பாய் வரை அவள்தான் ஓட்டினாள். வழியெல்லாம் செம்பனை. நான் மன்னிப்பு வசனத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாரிமுத்து எங்களை உட்கார வைத்தார். தயார் செய்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“எங்கம்மாவும் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்கதான், சம்பந்தி” என்றேன். “வேலைவிட்டு வந்து என்னயத் தூக்குவாங்க. அந்த வாடைதான் அவங்க மேல இருக்கும். அது எனக்குப் புடிச்ச வாடை. அதான் சொன்னேன்.”

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“புடிச்சத ஏன் துப்புனீங்க?”

இதற்கு அந்த வெள்ளைக்காரர் எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை.

அவர் உள்ளே போய் ஒரு போத்தலும் பெரிய கிளாஸ்களும் கொண்டுவந்தார். பாதிக்கு விஸ்கி, கிளாஸ் நிறைய ஐஸ், மேலே கோலா. “குடிங்க. முழுங்கணும்.” குடித்தேன். மறுபடி ஊற்றினார். மறுபடி குடித்தேன். ஊரெல்லாம் என்னை விஸ்கிக்காரன் என்கிறது, ஆனால் அதுவரை நான் சேர்ந்தாற்போல ஒரு கிளாஸ்கூட உள்ளே இறக்கியதில்லை. அவர் தன் முதல் லாரியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. லாரிக்குச் சக்கரம் மாட்டினாரா என்று தெரியாது. அதற்குள் நான் அவர் சோபாவில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டேனாம்.

விழித்தபோது என்மேல் ஒரு போர்வை. சாந்தியும் லெட்சுமி அம்மாவும் நாள்காட்டியை மூடி வைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நிச்சயத்துக்கு நாள், கல்யாணத்துக்கு நாள், மண்டபம், சாப்பாடு எல்லாம் முடிவாகியிருந்தன. நான் விழித்திருந்தால் ஒரு மாதம் இழுத்திருக்கும் என்றாள் சாந்தி.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. போன மாதம் ரேவதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்க இரண்டு குடும்பமும் கூடியது. நான் யோசித்து வைத்திருந்த பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். மாரிமுத்து அன்பாக என் முதுகில் தட்டி, “நீங்க போயி கொஞ்சம் படுங்க சம்பந்தி. பேசி முடிச்சிடுறோம்” என்றார். மருமகன் தலையணையை எடுத்துக் கொடுத்தான். ஒருவர்கூடச் சிரிப்பை அடக்கவில்லை.

எனக்கும் அசதியாகத்தான் இருந்தது. போய்ப் படுத்தேன். எழுந்து வந்தபோது பிள்ளைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. நல்ல பெயர்தான்.