மீட்டர் தெரிந்தால் நல்ல கண்

1988 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். அடிபம்பில் தண்ணீர் அடித்து அண்டாவை நிரப்பினேன். பால் வாங்கி வந்தேன். ஸ்கூட்டர்மேல் போர்த்தியிருந்த பழைய வேட்டியை எடுத்து, உதறி, மறுபடி போர்த்தினேன். வாசலில் உள்ள மின்சார மீட்டரை முதலில் ஈரத்துணியாலும் பிறகு உலர்ந்த துணியாலும் துடைத்தேன். இட்லி சாப்பிட்டேன். எட்டு மணிக்கு ரீடிங் வந்தார். அதற்குப் பிறகு அன்று நடந்ததில் பாதி எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே உள்ள அத்தனை மூக்குகளையும் நேரில் அறிந்தவர் உலகத்திலேயே ரீடிங் ஒருவர்தான். இதில் மிகை கிடையாது. வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடிய யூனிட்டைக் குறிப்பது அவர் வேலை. கேட்டில் நின்று “ரீடிங்!” என்று ஒரு குரல் கொடுப்பார். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். உள்ளே வந்ததும் மீட்டரைப் பார்க்கமாட்டார். வீட்டுக்காரரின் மூக்கைப் பார்ப்பார். அதில் புதுக் கண்ணாடி இருந்தால் உடனே கேள்வி வரும்: “பழசு எங்க சார்?”

கோவில்பதாகையில் அவர் வீட்டைச் சுற்றி இருந்தவர்கள் முன்பு வயல் வேலை பார்த்தவர்கள். நாற்பதைத் தாண்டிவிட்டால் அங்கே யாரும் அரிசியில் கல் பார்ப்பதில்லை, கல்லோடு சாப்பிடுவார்கள். ரீடிங் கால்வைக்கும் வீடுகளிலோ பழைய மூக்குக் கண்ணாடிகள் பீரோவில் சும்மா கிடந்தன. இங்கே எடுத்து அங்கே கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய நாள் முதல் எங்களுக்கு நிம்மதி போயிற்று.

யாராவது இறந்தால் பதினாறாம் நாள் வரை மரியாதையாகக் காத்திருப்பார். மறுநாள் வந்து நிற்பார். “காரியம் நல்லா முடிஞ்சிதா? பெரியவரு கண்ணாடிய இன்னா பண்ணீங்க?” ஒருமுறை கணக்குத் தவறி, வெறும் காய்ச்சலில் படுத்திருந்த ஒருவர் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டார். உள்ளிருந்து பெரியவர், “இன்னும் நான்தான்யா போட்டுக்கிட்டிருக்கேன்!” என்று குரல் கொடுத்தார். ரீடிங் அசரவில்லை. “பரவால்ல, நான் அப்பால வரேன்” என்றார்.

பவர், நம்பர் எதுவும் அவருக்குத் தெரியாது. அவரிடம் இருந்தது ஒரே பரீட்சை. ஆளை மீட்டர் முன்னால் நிறுத்துவார். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து மாட்டுவார். எதைப் போட்டால் மீட்டரில் எண் தெரிகிறதோ, அது அவர்களுடையது. கண்ணாடியே இல்லாமல் எண்ணைப் படித்துவிட்டால், நல்ல கண், வீட்டுக்குப் போகலாம்.

இதில் அவ்வப்போது சிக்கல் வரும். மாங்காட்டில் ஓர் அம்மாள் நாலைந்து கண்ணாடிகளை மாட்டிப் பார்த்துவிட்டு, “இதுல யூனிட்டு கம்மியா தெரியுது. இதையே அட்டையில எழுதிடு” என்று சொல்லியிருக்கிறார். ரீடிங் அதை என்னிடம் கோபமாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

யார் மாட்டினாலும் மீட்டர் தெரியவில்லை என்றால் அது செத்த கண்ணாடி. அவற்றை முகப்பேர் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார். நான் ஒழுங்காக உறையில் போட்டுக் கொடுத்த என் பழைய கண்ணாடியையும் அப்படித்தான் செத்ததாக அறிவித்தார். ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது, பாதி கட்டிய மாடியில் வைக்கோல் அடைத்த திருஷ்டி பொம்மை ஒன்று என்னைப் போலவே என்னைப் பார்த்தது.

தெருவிலேயே தூசியில்லாத மீட்டர் எங்களுடையது என்பதால், அந்த ஜூன் ஞாயிறன்று பரீட்சையை எங்கள் வாசலில் வைத்துக்கொள்வதாக ரீடிங் முடிவு செய்திருந்தார். என் சம்மதம் கேட்டதாக ஞாபகமில்லை. அன்று எனக்கு வேறு யோசனை இருந்தது. மறுநாள் திங்கள்கிழமை எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தபோது என் மகள் கைக்குழந்தை. வண்டி வந்தபோது அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். வந்தும் மாதக்கணக்காக அது வீட்டுக்குள்தான் நின்றது. எட்டு போடப் பழகிவிட்டேன். இன்ஸ்பெக்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்வார் என்றார்கள். அதற்கு என் கண்ணாடி போதும்.

கோவில்பதாகையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்தும் சிலர். பையைப் பாயில் கவிழ்த்தபோது கண்ணாடிகள் எல்லாம் காலோடு கால் பின்னிக்கொண்டு ஒரே முடிச்சாக விழுந்தன. எனக்கு அது பொறுக்கவில்லை. உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். நுணுக்கமான வேலை என்றால் நான் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். கிட்டே இருப்பது எனக்கு வெறும் கண்ணில் இன்னும் நன்றாகத் தெரியும். கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். பக்கம் என்பது பாய்.

அப்போது வசந்தா வந்தார். தொழிற்பேட்டையில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. எங்கள் தெருவில் யாருக்கும் அவரைப் பிடிக்காது. எதிரே வந்து சிரித்தாலும் சிரிக்கமாட்டார், தலை நிமிர்த்தியபடி போய்விடுவார். திமிர் என்று என் மனைவி விமலா பல தடவை சொல்லியிருக்கிறாள்.

ரீடிங் அவரைக் கண்டதும் கையை ஆட்டினார். “இன்னாம்மா, மறுபடியும் நீயா? உனுக்குத்தான் ரெண்டு தபா பாத்தாச்சே. கண்ணாடி இல்லாமயே கடகடன்னு படிக்கிற. நல்ல கண்ணு. போ, போ.”

“பஸ்சு நம்பர் தெரில நைனா.”

“மீட்டர்ல கீறது இத்துனூண்டு. பஸ்சுல கீறது அம்மாம் பெருசு. சின்னது தெரியுது, பெருசு தெரிலயா? யாருகிட்ட கத உடற?”

“நெஜமாத்தான் சொல்றேன். முந்தாநேத்து பஸ்சுன்னு நெனச்சி தண்ணி லாரிக்கு கை காட்டிட்டேன். அவன் நிறுத்தி, எத்தினி கொடம்னு கேக்கறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். வசந்தாவும் சிரித்துக்கொண்டே பாயிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து மாட்டினார். ரீடிங் வழக்கப்படி அவர் தோளைப் பிடித்து மீட்டர் பக்கம் திருப்பினார். வசந்தா திமிறிக்கொண்டு தெருப் பக்கம் திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

“எதிர் மாடில நிக்கறது வாத்தியார் ஊட்டம்மாதான? என்னப் பாத்து சிரிக்குது.” கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். “இது எப்பவுமே சிரிக்குமா?”

எதிர் மாடியிலிருந்து பதில் வந்தது. “தெனமும்தான் சிரிக்கிறேன்! நீதான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போவே!”

வேலை முடிந்து நான் என் கண்ணாடியைத் தேடினேன். வைத்த இடத்தில் இல்லை. பாயில் கையில் பட்டதை எடுத்து மாட்டினேன், தெரு மறைந்தது. அடுத்ததை மாட்டினேன், வீடும் மறைந்தது. கண்ணாடியைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி வேண்டியிருந்தது. எழுந்து, மூக்கில் கண்ணாடியோடு நின்ற ஒவ்வொருவர் முகத்துக்கும் அரையடி தூரத்தில் போய் உற்றுப் பார்த்தேன். மூன்றாவது முகம், “இன்னா சார், மொறைக்கிற?” என்றது.

அதற்குள் விமலா கத்திவிட்டாள். “ஐயோ, அந்தம்மா போட்டிருக்கறது உங்க கண்ணாடிங்க! நாளைக்கு டெஸ்ட்டு!”

ரீடிங் கையை உயர்த்தி எல்லோரையும் அமைதிப்படுத்தினார். “இரும்மா. ஞாயம்னு ஒண்ணு கீது. சார், இப்டி வா. கண்ணாடி இல்லாம மீட்டர் படி.”

படித்தேன். பழக்கதோஷம், கடைசியில் வரும் சிவப்பு எண்ணையும் சேர்த்துப் படித்தேன். கீழே பொடி எழுத்தில் இருந்த தயாரிப்பு எண்ணையும் கேட்காமலே படித்தேன். படித்து முடித்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது.

“பாத்தீங்களா!” என்றார் ரீடிங். “இம்மா நல்ல கண்ண வச்சிகினு இன்னாத்துக்கு சார் கண்ணாடி?”

“சார் ஸ்டைலுக்குப் போட்டுகினு கீறாரு போல” என்றது பின்னால் ஒரு குரல்.

கிட்டே தெரியும், தூரம் தெரியாது, இது ஒரு வகைக் குறை என்று விளக்கினேன். “கிட்ட தெரிஞ்சா எட்டயும் தெரியும் சார். கண்ணு ஒண்ணுதான?” என்றார். கேட்டவர்கள் தலையசைத்தார்கள், அல்லது அசைத்தது போல் எனக்குத் தெரிந்தது. சற்று நேரம் எனக்கே அது சரியென்று பட்டது.

“இன்ஸ்பெக்டர் தூரத்துல காட்டுவாருங்க” என்றாள் விமலா.

“அவர கிட்ட வரச் சொல்லும்மா. அவருக்கு இன்னா, காலு இல்லியா?”

வசந்தா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “சாரோடதா? எனக்குத் தெரியாதுங்க. எடுத்துக்குங்க.” நான் கை நீட்டுவதற்குள் மறுபடி இழுத்துக்கொண்டார். “ஒரே ஒரு தபா பாத்துகினு குடுத்துடறேன்.” மாட்டிக்கொண்டு எதிர் மாடியைப் பார்த்தார். கையை ஆட்டினார். அங்கேயும் ஏதோ ஆடியது. எனக்குத் தெரிந்தது இரண்டு பக்கமும் இரண்டு மங்கலான அசைவுகள் மட்டும்தான்.

நான் அதைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். விமலா இன்றும் அப்படித்தான் சொல்கிறாள். என் பவர் வசந்தாவுக்குச் சரியாகப் பொருந்தும் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. “எனக்குத்தான் மீட்டர் தெரிகிறதே. அவரே வைத்துக்கொள்ளட்டும்.”

“சாரே ஒத்துகினாரு!” என்றார் ரீடிங்.

அன்று மாலை விமலா என்னைக் கையைப் பிடித்துக் கடைக்கு அழைத்துப் போனாள். அளவு பார்த்தவர், புதுக் கண்ணாடி வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும் என்றார். டெஸ்ட் போயிற்று. இனி எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. “வண்டி இருக்கட்டும். நவராத்திரிக்கு அது மேலயே கொலு வச்சிடறேன்” என்றாள் விமலா.

மறுநாள் காலை எழுந்து கதவைத் திறந்தபோது, படியில் யாரோ உட்கார்ந்திருந்தார். குரலை வைத்துத்தான் ரீடிங் என்று தெரிந்தது.

“படி சார்.”

“எதை?”

“எதிர் செவுத்துல. சாக்கட்டில எழுதி வச்சிகீறேன். வாத்தியாராண்ட சொல்லிட்டேன்.”

“சுவரே சரியாகத் தெரியவில்லையே.”

அவர் எழுந்து நின்றார். “வெளாடாத சார். எம்மாம் பெருசா எழுதிகீறேன்! நெஜமாவே தெரிலயா?”

“தெரியவில்லை.”

மறுபடி படியில் உட்கார்ந்தார். பிறகு, “ரெண்டு தபா அந்தப் பொண்ண தொரத்தி வுட்டேன் சார்” என்றார். என் கையைப் பிடித்துத் தெருவில் இறக்கினார். ஓர் எட்டு வைத்து, “இங்க?” என்றார். இல்லை என்றேன். இன்னோர் எட்டு. “இங்க?” இல்லை. சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்தார். ரீடிங் அவரை நிறுத்தி, “இரு நைனா, சாருக்குக் கண்ணு தெரில” என்று சொல்லி என்னைக் கடத்திக் கூட்டிப்போனார். எழுத்து தெளிந்த இடத்தில் என்னை நிறுத்திவிட்டு, குனிந்து என் கால் முன்னால் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

இப்படியாக அன்று நான் செய்த முதல் காரியம், பல் கூடத் துலக்காமல் நடுத்தெருவில் நின்று சுவரைப் படித்தது. தெருவில் வேறு எதுவும் தெளிவாக இல்லை. நிமிர்ந்து, “சரியா சொல்லிட்ட சார்” என்ற ரீடிங்கின் முகம் மட்டும், அவ்வளவு கிட்டே இருந்ததால், நன்றாகத் தெரிந்தது.