பேட்டரி மாஸ்டரும் காலைக் குழம்பும்

உலகத்தில் செல்போன் வாங்கிய அத்தனை பேரும் பேசுவதற்காக வாங்கினார்கள். பேசாமல் இருப்பதற்கென்றே வாங்கியவர் எங்கள் பேட்டரி மாஸ்டர் ஒருத்தர்தான்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. நான் பர்சனல் டிபார்ட்மென்டில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். அவர் அங்கே கட்டிங் மாஸ்டர். கேமரா வைத்த போன் புதிதாக வந்து, ஊரே பார்த்ததையெல்லாம் படம் பிடித்துத் திரிந்த காலம். மாஸ்டரிடமும் அப்படி ஒன்று இருந்தது. ஆனால் போன் எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் இருக்கும், பேட்டரி சட்டைப்பையில் இருக்கும், சிம் கார்டு மணிபர்ஸில் முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கும். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் காலை பதினோரு மணி டீ டைம், இல்லாவிட்டால் சாயங்காலம் நாலு மணி. அப்போதுதான் பேட்டரியைப் போடுவார். ஏன் மாஸ்டர் என்றால், "ஒட்டுக்கேக்கறவனும் மனுசன்தானுங்க சார்? அந்த நேரத்துல அவனும் டீ குடிக்கப் போயிருப்பான்" என்பார்.

பேசுகிறவர் நிஜமாகவே தன் வீட்டு ஆள்தானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார். எடுத்ததும், "காலையில என்ன குழம்பு?" என்று கேட்பார். சரியாகச் சொன்னால் பேச்சு. தப்பாகச் சொன்னால் கட். அவர் மனைவி பாவம், போன் வாங்கிய நாளிலிருந்து குழம்பை ஞாபகம் வைத்தே காலம் தள்ளினார்.

ஒருநாள் அவருடைய மாமனார் இறந்துபோனார். தகவல் சொல்லக் கூப்பிட்டது மச்சினிச்சி. அந்தம்மா இருந்தது உடுமலைப்பேட்டையில். இவர் வீட்டுக் குழம்பு அவருக்கு எப்படித் தெரியும்? அழுகையோடு "சாம்பாருங்களா மாமா?" என்று குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அன்றைக்குக் கொள்ளுப் பருப்பு. மாஸ்டர் மூன்று தடவை கட் பண்ணிவிட்டு பேட்டரியைக் கழற்றிவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வந்தவர்கள் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மனைவி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. "நேருலயும் பேசலீங்க, போனுலயும் பேசலீங்க. அந்த ஒரு மாசம் ரொம்பப் பாதுகாப்பா இருந்துச்சு" என்று மாஸ்டர் என்னிடமே சொன்னார்.

நாங்கள் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அதற்கு ஒரு வாரத்தில் டீக்கடையில் என் போனுக்கு புளூடூத்தில் யாரோ ஒரு பாட்டு அனுப்பினார்கள். ஓசிப் பாட்டாயிற்றே என்று வாங்கிக்கொண்டேன். போன் அப்படியே செத்துப்போனது. சர்வீஸ் கடையில் எல்லாவற்றையும் அழித்துத்தான் உயிர் கொடுத்தார்கள். என் மாமியார் நம்பர் உட்பட எல்லாம் போச்சு. மாஸ்டர் துக்கம் விசாரிக்க வந்தார்.

"ரோட்டுல போறவன் லட்டு குடுத்தா வாங்கித் திம்பீங்களா சார்?"

"மாட்டேன்."

"பின்னே பாட்டை மட்டும் எதுக்குங்க வாங்குனீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "சரி மாஸ்டர், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் நம்ம போனுக்குள்ளே பூந்துவிட முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியுமுங்க. ஆனா அவனுக்கு எதுக்கு அத்தனை சிரமம்? நீங்கதான் போனைக் கையிலயே குடுத்துப்போடறீங்களே."

அவர் எதைச் சொன்னார் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எங்கள் கம்பெனியில் தயாராகிக்கொண்டிருந்த ஒரு டிசைன், சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே வேறொருவன் பனியனில் வந்துவிட்டது. போனில் படம் பிடித்துத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று முதலாளி குதித்தார். அன்று முதல் எல்லாருடைய போனும் கேட்டில் செக்யூரிட்டியிடம். மர அலமாரியில் ஒரு பொந்து, கையில் ஒரு டோக்கன். வீட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால் செக்யூரிட்டி எடுத்து மைக்கில் பெயர் சொல்வார். அதனால் போனை ஆனில்தான் வைக்க வேண்டும் என்று ஒரு விதி. அந்த விதியைப் போட்ட மகாபுத்திசாலி நான்தான்.

மாஸ்டர் செத்த போனைக் கொடுத்துவிட்டு பேட்டரியோடு உள்ளே போனார். மெமோ கொடுத்தேன். வாங்கி மடித்து டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டார். முதலாளியோ, "அவரை உடுங்க, அவரு இல்லீன்னா கட்டிங் நின்னு போயிரும்" என்றுவிட்டார்.

தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்த பிரேமாவும் மாஸ்டரைப் பார்த்து பேட்டரியைக் கழற்ற ஆரம்பித்தாள். தெற்கத்திப் பெண், இருபத்திரண்டு வயது. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு இங்கே ஓடி வந்தவள். புருஷன் ஸ்டீபன் வேறொரு கம்பெனியில் டெய்லர். அண்ணன்காரன் இரண்டு பேரையும் ஒன்றாக வைத்து வெட்டுவேன் என்று சபதம் போட்டுத் தேடிக்கொண்டிருந்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், "மாஸ்டருக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா? பேட்டரியைப் போடு" என்று கேட்டிலேயே அதட்டினேன். போட்டாள். முதலாளி விட்டுவிட்டவரை நான் ஒன்றும் செய்ய முடியவில்லை, அந்தக் கோபத்தை ஒரு செக்கிங் பெண்ணிடம் காட்டினேன். அதுதான் உண்மை.

இரண்டு மாதத்தில் அவர்கள் இரண்டு தடவை வீடு மாற்றினார்கள். ஒருநாள் டீ டைமில் பிரேமா மாஸ்டர் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லல மாஸ்டர். புது வீட்டுக்கு எப்படி வரணும்னு அவருதான் எனக்கு மெசேஜ் அனுப்புனாரு. மூணாம் நாளே தெருமுனையில எங்க அண்ணன் சேக்காளி நிக்கான். எப்படித்தான் தெரியுதோ!"

சாயங்காலம் கேட்டில் அவள் போனை மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். அடுப்பில் வைத்த மாதிரி சுட்டது.

"பொந்துல சும்மா கெடந்த போனு எதுக்கு கண்ணு சுடுது? போன்ல போட்ட காசு நிக்குதா?"

"நிக்கவே மாட்டேங்கு மாஸ்டர். யாருக்கும் பேசாமலே தீந்துபோகுது."

மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்காரும் சர்வீஸ் கடையில் அந்தப் போனைத் திறந்து பார்த்தார்கள். அதற்குள் எதையோ போட்டு வைத்திருந்தார்கள். வருகிற மெசேஜ், போகிற மெசேஜ் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் இன்னொரு நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. செக்யூரிட்டியைப் பிடித்து உலுக்கினேன். "சொந்தக்காரப் பையன்னு சொன்னான் சார். போனுல போட்டோ ஏத்தணும்னான். பத்தே நிமிஷந்தான் வச்சிருந்தான்" என்றார். பேட்டரி இல்லாமல் இருந்திருந்தால் அவனால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

போலீசுக்கு ஏற்கெனவே போயிருந்தார்களாம். குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். போனை உடைத்துப் போடலாம் என்றேன்.

"உடைச்சா அவனுகளுக்குத் தெரிஞ்சு போயிருமுங்க" என்றார் மாஸ்டர். "அவன் நம்ம பேச்சைத்தான கேக்கறான்? கேக்கட்டும்."

ஸ்டீபனுக்கு பிரேமா அனுப்புவதுபோல அந்தப் போனிலிருந்து ஒரு மெசேஜ் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில் சந்திப்போம், அங்கிருந்து ஊரைவிட்டே போய்விடலாம் என்று. அதே நேரம் நிஜ பிரேமாவும் ஸ்டீபனும் வேறு திசையில் பஸ் ஏற வேண்டும். அவர்கள் போகும் ஊரில் என் சிநேகிதன் ஒருவன் மூலம் வேலை ஏற்பாடு செய்தேன். ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது மாஸ்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"வேண்டாமுங்க. நமக்கு அடி தாங்கற ஒடம்பு கிடையாது. தெரிஞ்சா சொல்லிப்போடுவேன்."

"உங்களை யார் மாஸ்டர் அடிக்கப் போகிறார்கள்?"

"போனு எந்த டவர்ல இருக்குதுன்னு உள்ள போட்டு வெச்சிருக்கறதே அவனுகளுக்குக் காட்டிக் குடுத்துருமுங்க. ஆராச்சும் போனை வெள்ளகோவிலுக்குக் கொண்டு போகோணுமல்ல?"

நான் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குப் பயம்.

பத்து மணிக்கு மாஸ்டர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிரேமாவின் அண்ணனும் ஆட்களுமாக நாலு பேர் வந்தார்கள். அரை மணி நேரம் வருகிற பஸ்ஸையெல்லாம் ஏறி இறங்கித் தேடியிருக்கிறார்கள். மாஸ்டர் போனை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். இவர்கள் இங்கே இருக்க இருக்க, பிள்ளைகள் அங்கே தூரம் போய்க்கொண்டிருப்பார்கள் என்று உட்கார்ந்துவிட்டார். அண்ணன்காரன் பொறுமை இழந்து தங்கச்சி நம்பருக்கே கூப்பிட்டான். மாஸ்டர் சட்டைப்பையில் மணி அடித்தது. ஆயுளில் முதல் தடவையாக டீ டைம் இல்லாத நேரத்தில் அவர் போன் எடுத்தார். பதற்றத்தில், பாழாய்ப்போன பழக்கத்தில், வாய் தானாகக் கேட்டது.

"காலையில என்ன குழம்பு?"

பத்தடி தள்ளி நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இதை அவரே சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது உதட்டுத் தையலில் ரத்தம் வந்தது. எங்கே அவள், எங்கே அவள் என்று கேட்டுக் கேட்டு வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்திருந்தார்கள். தெரியாது, தெரியாது என்று கத்தியிருக்கிறார். "நெசமாவே தெரியாதுங்களே சார். தெரிஞ்சிருந்தா ரெண்டாவது வெரல்லயே சொல்லியிருப்பேன்" என்றார். நான் வெளியே போய் அழுதேன்.

அதன் பிறகு அவரால் கட்டிங் மெஷினைப் பிடிக்க முடியவில்லை. கம்பெனி கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு ஆள் போட்டது. மனைவி கேரியர் சாப்பாடு செய்து கொடுக்க, அதில் வண்டி ஓடியது.

இரண்டு வருஷம் கழித்து என் சிநேகிதனிடமிருந்து தகவல் வந்தது. நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். போனதும் முதலில், "பேட்டரியைப் போடச் சொன்னது நான்தான் மாஸ்டர்" என்றேன். அவ்வளவு நாளாக நெஞ்சில் கிடந்தது அது.

"தெரியுமுங்க. அந்தப் புள்ள அன்னைக்கே சொல்லுச்சு. உக்காருங்க, காப்பி குடிக்கலாம்."

"பிரேமாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பெண் குழந்தை. இப்போது அவர்கள்..."

மடங்காத விரல்களால் என் வாயைப் பொத்தினார்.

"நல்லா இருக்காங்களா?"

தலையாட்டினேன்.

"போதுமுங்க" என்றவர், உள்ளே மனைவி பக்கம் திரும்பி, "ஏனுங் அம்மிணி, நம்ம பிரேமாவுக்குப் புள்ள பொறந்திருக்குதாம்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மாஸ்டர் இப்போது இல்லை. பிரேமா இருப்பது எந்த ஊர் என்று என் மனைவி எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். நான் சொல்வதில்லை. சொன்னால் மாஸ்டர் வருத்தப்படுவார்.