அடையாளம் தெரியாத மிருகமும் ஆதாரம் சாரும்

ஐந்து நாளாகக் காட்டில் தனியாகத் தவித்துக்கொண்டிருந்த மனிதனின் முகவாய் மழமழவென்று இருந்தது.

ஆதாரம் சார் திரையை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு மயிர்கூட இல்லை. முதல் நாள் காட்சியைப் போட்டுப் பார்த்தார். அதே மழமழப்பு. புழுவும் பூச்சியும் தின்று காலம் தள்ளுவதாகச் சொல்லப்பட்ட வயிறு மட்டும், முதல் நாளைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

"அப்படியா சங்கதி!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அது இருபத்துநாலு மணி நேரமும் எரிமலை, சுறாமீன், பாலைவனப் பயணம், பனிமலை ஏற்றம் என்றே காட்டுகிற டிஜிட்டல் தொலைக்காட்சி. பாட்டு, சீரியல், பட்டிமன்றம் எதுவும் கிடையாது. 'நிஜத்தைத் தவிர வேறெதுவும் இல்லை' என்று மணிக்கு நாலு தடவை சொல்லிக்கொள்ளும். அந்த நிஜத்துக்குப் பொறுப்பு ஆதாரம் சார். எந்த நிகழ்ச்சியானாலும் அவர் பார்த்து, 'உண்மை' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒளிபரப்பாகும். பத்தொன்பது வருஷமாகப் போடுகிறார். ஒரு கையெழுத்துகூடப் பொய்யானதில்லை. அவருக்கு அதில் அப்படி ஒரு கர்வம்.

வாயைத் திறந்தால் "ஆதாரம் இருக்கா?" என்பதால் பெயரே அப்படி ஆகிவிட்டது. "வெளியில மழை பெய்யுது" என்று மனைவி சொன்னால்கூட, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார்.

நேரே நிலையத் தலைவியின் அறைக்குப் போனார்.

"மேடம், இந்த 'ஒத்தையாள்' நிகழ்ச்சியில எனக்குச் சந்தேகம் இருக்கு."

"உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்லை?"

"ஆளுக்குத் தாடி வளரலை மேடம். வயிறு வளருது."

"கத்தி வச்சிருக்காரே, மழிச்சிருப்பார்."

"வயித்தையும் மழிச்சிருக்கலாமே?"

தலைவி அப்போதுதான் நிமிர்ந்தார். "பாருங்க சார். ஜனங்க உக்காந்து பார்க்கற நிகழ்ச்சின்னு நம்மகிட்ட மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். போலின்னா ஆதாரம் கொண்டு வாங்க. இல்லையா, பேசாம கையெழுத்துப் போடுங்க."

ஆதாரம் சாரிடமே ஆதாரம் கேட்டுவிட்டார்கள்! ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு சிக்கல். சரிபார்ப்பவர் படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குப் போகவே கூடாது; போனால் அங்கே கிடைக்கும் உபசாரத்தில் மனசு மாறிவிடும்; மீறிப் போனால் வேலை போய்விடும் என்று விதி இருந்தது. அந்த விதியை எழுதியவரே அவர்தான்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில், மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த பழுப்பு நிறக் கம்பளி ஓவர்கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினார். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அந்துருண்டை வாசனை கமகமத்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"ஆபீஸ்ல அவசர வேலை."

"சனிக்கிழமையிலயா? ஆதாரம் இருக்கா?"

செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார். கடைசி பஸ் நிறுத்தத்தில் இறங்கி, காட்டுக்குள் நடந்தார். காலடித் தடம் தெரியக்கூடாது என்று இரண்டு செருப்பையும் கோணிச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டார். புதருக்குப் புதர் பதுங்கிப் போனவர், ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

அங்கே ஒரு வேன் நின்றது. வேனுக்குள் மெத்தை. வெளியே அடுப்பு. அடுப்பைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் நாற்காலி போட்டு, முகமெல்லாம் சோப்பு நுரையோடு, பாட்டுப் பாடிக்கொண்டே சவரம் செய்துகொண்டிருந்தான் ஒத்தையாள்.

"மாட்டினியா மவனே!" என்று ஆதாரம் சார் செல்போனை எடுத்துப் படக் படக்கென்று நாலு படம் பிடித்தார். ஐந்தாவது படத்துக்காக ஒரு அடி பின்னால் வைத்தார். சாக்கு வழுக்கியது.

உருண்டார். செல்போன் ஓடையில் விழுந்து தண்ணீரோடு போயிற்று. கோட்டு முள்ளில் சிக்கிக் கொத்துக் கொத்தாகப் பிய்ந்தது. முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியாமல், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கூனிக் கூனி மரங்களுக்கு நடுவே நடந்து பஸ்ஸைப் பிடித்தார்.

திங்கட்கிழமை ஆபீஸே அல்லோலகல்லோலப்பட்டது.

"சார், சீக்கிரம் வாங்க!" என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள் பதிவறை அக்கா. காட்டிலிருந்து வரும் கேமரா கார்டுகளையெல்லாம் வாங்கி, எண் போட்டு, நோட்டில் ஏற்றி, பூட்டி வைப்பது அவள் வேலை. "மரத்துல கட்டி வச்ச கேமராவுல என்னமோ விழுந்திருக்கு. எடிட்டர் இன்னிக்குத்தான் கார்டைப் போட்டுப் பார்த்தார். பார்த்ததும் நாற்காலியிலேர்ந்து விழுந்துட்டார்."

பெரிய திரையில் மூடுபனி. மரங்களுக்கு நடுவே, பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் மயிரோடு ஒரு உருவம். கூனிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, இடமிருந்து வலமாக நடந்தது. மூன்று நொடி. மறைந்துவிட்டது.

"என்ன மிருகம் சார் இது?" தலைவியின் குரல் நடுங்கியது. பயத்தில் அல்ல, சந்தோஷத்தில்.

ஆதாரம் சார் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். தன் கோட்டு. தன் கூன். தன் இடுப்பு, தன் கை. உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாமல் முத்திரை குத்தினால் பத்தொன்பது வருஷக் கையெழுத்து பொய்யாகும். இரண்டும் வேண்டாம் என்று ஒரு குறுக்குவழி தேடினார்.

"கரடியா இருக்கும் மேடம். விட்டுத் தள்ளுங்க."

விடவில்லை. கரடி ஆராய்ச்சியாளர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் ஏழு தடவை பார்த்தார். "முப்பது வருஷமா கரடியோட பழகறேன். எந்தக் கரடியும் இடுப்புல கை வச்சு நடக்காது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானமே திரையில் விளம்பரம் ஓடியது: 'கரடி அல்ல! குரங்கும் அல்ல! பின்னே?'

படப்பிடிப்புக் குழு முள்செடியிலிருந்து ஒரு கொத்து மயிரையும், விரலே இல்லாத உருண்டைப் பாதத்தின் புகைப்படங்களையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தது.

"மயிரைச் சோதனைக்கு அனுப்புங்க மேடம். குட்டு வெளிப்பட்டுடும்" என்றார் ஆதாரம் சார் அவசரமாக. கடையில் விற்கும் கம்பளி என்று சோதனைச்சாலை சொல்லிவிடும், யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று விஷயம் அமுங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

இரண்டு நாளில் அறிக்கை வந்தது. மயிரில் பாதி செம்மறியாடு, பாதி ஒட்டகம். பூச்சிகள் அண்டாத விசித்திரமான வாசனையும் இருக்கிறது.

"சுத்தமான செம்மறிக் கம்பளின்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தாரே மனுஷன்!" என்று ஆதாரம் சார் வாய்விட்டே சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷத்துக்கு முன் மாமனாரிடம் ஆதாரம் கேட்காமல் விட்டது அப்போதுதான் உறைத்தது.

"யாரு சார்?" என்றார் தலைவி.

"ஒண்ணுமில்லை மேடம். சும்மா சொன்னேன்."

விளம்பரம் மாறியது: 'செம்மறியாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பிறந்ததா? இரண்டு காலில் நடக்கும் அதிசயம்! சனிக்கிழமை!' ஒத்தையாள் வேறு, "நான் அது கண்ணை நேருக்கு நேர் பார்த்தேன்" என்று பேட்டி கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

வீட்டில் அந்த மூன்று நொடியைப் பார்த்துவிட்டு மனைவி உச்சுக் கொட்டினாள். "பாவம், அதுக்கும் உங்களை மாதிரியே முதுகு பிடிச்சிருக்கு போல."

"டிவியில வர்றதையெல்லாம் நம்பாதே."

"நீங்கதானே கையெழுத்துப் போடறீங்க? ஆமா, அப்பா கொடுத்த கோட்டு எங்க?"



வெள்ளிக்கிழமை. தலைவியின் அறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மேஜையில் சான்றுத் தாள், முத்திரை, மை. ஒத்தையாள் புது மழமழப்போடு நின்றான். ஓரத்தில் நோட்டும் கார்டுமாகப் பதிவறை அக்கா.

"போடுங்க சார். நாளைக்கு ஊரே பார்க்கப் போகுது. இது மட்டும் நல்லாப் போச்சுன்னா நம்ம யாருக்கும் வேலை போகாது" என்றார் தலைவி.

ஆதாரம் சார் பேனாவை எடுத்தார். கை தாளுக்குப் போகவில்லை. நல்ல மனுஷர்கள், அவர்கள் வயிற்றில் அடிக்கப்போகிறோமே என்று வருந்தினார். ஆனாலும் பொய்யில் முத்திரை குத்த அவரால் முடியவில்லை. சான்றுத் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் விறுவிறுவென்று எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்.

"சனிக்கிழமை நான் விதியை மீறிக் காட்டுக்குப் போனேன். இந்தக் காட்சியில் தெரியும் மிருகம் நானேதான்."

அதன் கீழே 'உண்மை' என்று ஓங்கி முத்திரை குத்தினார். கையெழுத்துப் போட்டார். பைக்குள்ளிருந்து பிய்ந்துபோன கோட்டை எடுத்து மேஜையில் போட்டார். அந்துருண்டை வாசனை அறை முழுக்கப் பரவியது.

தலைவி கோட்டைத் தொட்டுப் பார்த்தார். மயிர்க் கொத்தை அதன் கிழிசலில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"அப்ப வேனையும் பார்த்துட்டீங்களா?" என்று ஒத்தையாள் உளறினான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தலைவி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். போனை எடுத்து, "சனிக்கிழமை நிகழ்ச்சியை எடுத்துடுங்க. ஒத்தையாளையும் எடுத்துடுங்க" என்றார். பிறகு நிமிர்ந்தார். "நீங்களும் போகலாம் சார். விதி உங்களோடது."

"தெரியும் மேடம்."

வேலை போய்விட்டது. ஆனால் ஆதாரம் சாருக்கு ஒரு வாரமாக மார்பில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. முதுகுகூட நிமிர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. "பரவாயில்லை மேடம். பத்தொன்பது வருஷத்துல ஒரு பொய்க்குக்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. கடைசிக் கையெழுத்தும் நிஜம். எனக்கு அது போதும்" என்றார். கண் கலங்கிவிட்டது.

கார்டோடு சேர்த்துப் பூட்டி வைப்பதற்காகப் பதிவறை அக்கா அந்தத் தாளை எடுத்தாள். படித்தாள். கையிலிருந்த நோட்டைப் புரட்டினாள். மறுபடி தாளைப் படித்தாள்.

"சார், நீங்க காட்டுக்குப் போனது சனிக்கிழமைன்னு எழுதியிருக்கீங்க. இந்தக் கார்டு அதுக்கு ரெண்டு நாள் முந்தி, வியாழக்கிழமையே எங்கிட்ட வந்துடுச்சே?"