ரெண்டு பேர் ஆடற ஸ்விங்

கலிஃபோர்னியா மாநிலத்திலேயே நடக்கத் தெரியாத ஒரே ஆரோக்கியமான மனிதர் தகிடதான். காலில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு காலும் கிண்ணென்று இருக்கும். ஆனால் சமையலறையிலிருந்து வாசல் கதவுவரை போக வேண்டும் என்றால்கூட ஓர் அடி பின்னால், ஓர் அடி முன்னால், இடது பக்கம் மூன்று குட்டி அடி, வலது பக்கம் மூன்று குட்டி அடி என்றுதான் போவார். வாய் தன்பாட்டுக்கு "தக... தகிட, தகிட" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அவர் கதவைத் திறப்பதற்குள் பீட்சா கொண்டுவந்த பையன் வீட்டில் ஆள் இல்லை என்று முடிவு செய்து போய்விடுவான். அப்படி நாங்கள் பட்டினி கிடந்த நாட்கள் உண்டு.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் தொண்ணூறுகளின் பிற்பாதியில், மில்பிடாஸில் நானும் அவரும் ஒரே அபார்ட்மென்டில் இருந்த அந்த இரண்டு வருஷமும் எல்லோருக்கும் அவர் வெறும் 'தகிட'தான். சொந்த ஊர் பொள்ளாச்சி. பக்கத்து வீட்டில் பரதநாட்டிய வகுப்பு நடந்ததால் இந்தச் சொற்கட்டு மட்டும் சின்ன வயதிலேயே காதில் ஒட்டிக்கொண்டதாம். ஆனால் அவர் ஆடியது பரதநாட்டியம் இல்லை, ஸ்விங்.

ஸ்விங் என்றால் என்ன என்று எனக்கும் அப்போது தெரியாது. நம் தாத்தாக்கள் இளைஞர்களாக இருந்த காலத்தில் அமெரிக்காவில் பதினைந்து இருபது பேர் கோட்டு சூட்டோடு வரிசையாக உட்கார்ந்து சாக்ஸபோனும் டிரம்பெட்டும் டிராம்போனும் ஊதுவார்கள். ஊரே ஜோடி ஜோடியாக அதற்கு ஆடும். அந்த இசையும் ஸ்விங்தான், அந்த ஆட்டமும் ஸ்விங்தான். தகிட இதில் விழுந்ததற்கு அவருடைய பழைய கார் ரேடியோதான் காரணம். அதில் குமிழ் உடைந்துபோய் ஒரே ஒரு ஏ.எம். ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. அந்த ஸ்டேஷனில் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய பாட்டுகளைத் தவிர வேறு எதையும் போட மாட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் ரேடியோவை மாற்றியிருப்பார்கள். இவர் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார்.

"தம்பி, மொத மொத கேட்டப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுங்களா?" என்று ஒருமுறை சொன்னார். "நம்மூரு கல்யாணத்துல பேண்டு செட்டு வருமில்லீங்க, அந்தச் செவப்புக் கோட்டுக்காரங்க எல்லாரும் காலேஜுக்குப் போயி நெம்ப நல்லாப் படிச்சுட்டு வந்தா எப்படி ஊதுவாங்களோ, அப்படி இருந்துச்சு."

அவருக்கு வேலை, கம்ப்யூட்டர் பலகைகளைச் சோதிக்கும், தூசியே நுழையக் கூடாத கிளீன்ரூமில். உள்ளே போகிறவர்கள் தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, கண் மட்டும் தெரிய நிற்பார்கள். யார் யாரென்று அவர்களுக்கே தெரியாது. ஒருநாள் பெரிய வாடிக்கையாளர்களை அழைத்துவந்து கண்ணாடிச் சுவர் வழியாகத் தொழிற்சாலையைக் காட்டினார்களாம். முப்பது வெள்ளை உருவங்களில் ஒன்று மட்டும் கையில் பலகையோடு ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்கு இடமும் வலமும் மிதந்து போனது. வந்தவர்கள், தூசி கிளம்பாமல் நடக்க இது புது முறையா என்று கேட்டிருக்கிறார்கள். மேனேஜரும் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் தகிட தன் கல்யாண ரிசப்ஷன் கோட்டை மாட்டிக்கொண்டு சான் ரமோனுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஒரு சமூகக்கூடத்தில், ரிடையரான பதினேழு பேர் சேர்ந்த ஒரு பேண்டு வாராவாரம் வாசிக்கும். "சும்மா உக்காந்திருக்கறதுக்கு வாங்க தம்பி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். காய்ந்த புல் பொன்னாக மின்னும் மலைகளுக்கு நடுவே ஃப்ரீவேயில் முக்கால் மணி நேரம் போக வேண்டும்.

கிண்டல் செய்யலாம் என்றுதான் போனேன். முடியவில்லை. உயரமான ஜன்னல்கள் வழியே வெயில் சாய்ந்து விழுந்தது. மரத்தரையில் வழுக்குவதற்காகத் தூவிய பவுடர் அந்த வெயிலில் பறந்தது. எழுபது, எண்பது வயதுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்கு அடியில் போவதுபோல் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்து சாக்ஸபோன்களும் ஒன்றாக மூச்சு விட்டன. வாசலில் கைத்தடியை வைத்துவிட்டு உள்ளே வந்த ஒரு மனிதர் பாட்டு முடிகிறவரை கைத்தடியை மறந்தே போனார். நானும் தூங்கவில்லை, விழித்திருக்கவும் இல்லை. அதற்கப்புறம் வாராவாரம் கூடவே போனேன். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் எனக்கு அந்தக் கூடம்தான் வருகிறது.

அங்கே தகிடவுக்கு ஏகப்பட்ட கிராக்கி. பெண்கள் அதிகம், நிற்க முடிந்த ஆண்கள் குறைவு. டெலிஃபோன் ஆபரேட்டராக இருந்து ரிடையரான டோரத்தி என்ற எண்பது வயதுப் பெண்மணி, இவரோடு ஆட முதல் ஆளாக வந்து நிற்பார். இவர் வாய்விட்டு எண்ணுவது அவருக்குத் தொற்றி, அவரிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றி, நான் முதலில் போனபோதே கூடம் முழுக்க வெள்ளைக்காரர்கள் "டகிடா, டகிடா" என்று முணுமுணுத்துக்கொண்டு சுற்றினார்கள். பேண்டு தலைவரே அப்படித்தான் தாளம் எண்ணிப் பாட்டை ஆரம்பித்தார்.

ஒரு டிரம்பெட்காரர், வாத்தியத்தின் வாயில் ரப்பர் மூடியை வைத்து வைத்து எடுப்பார். அப்போது அது குரல் மாறி, "வா... வா..." என்று யாரையோ கெஞ்சும். தகிட ஆடுவதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கேட்டீங்களா தம்பி, தமிழ்ல கூப்புடுது."

"யாரையண்ணா?"

"சுமதியைத்தான். வேற யாரை?"

சுமதி அவர் மனைவி. பொள்ளாச்சியில் இருந்தார். தகிட செய்த ஒரே தவறு, கிரீன் கார்டு வாங்கிய பிறகு கல்யாணம் செய்துகொண்டது. கிரீன் கார்டுக்காரர்களின் மனைவிகளுக்கு விசா வரிசை அப்போது வருஷக்கணக்கில் நீண்டிருந்தது. இருபது நாள் சேர்ந்து இருந்தார்கள். அப்புறம் இவர் மில்பிடாஸ், அவர் பொள்ளாச்சி. பார்த்துப் பழகாத இரண்டு பேர் வாரம் ஒருமுறை ஃபோனில் என்ன பேசுவார்கள்? "சாப்புட்டியா அம்மிணி?" "சாப்டனுங்க. நீங்க?" "ஆச்சு." அதற்குமேல் இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கும். லைன் மோசம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் கேட்காத மாதிரி பாத்திரம் கழுவுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை அவருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"அம்மிணி, நீ இங்க வந்ததும் நாம ரெண்டு பேரும் ஸ்விங் ஆடலாம்."

"ஸ்விங்குங்களா?" சுமதியின் குரலில் அப்படி ஓர் உற்சாகத்தை நான் கேட்டதே இல்லை. "நெசமாவா? அந்த ஊர்ல எல்லாம் அதைப் போடறாங்களா?"

"ஞாயித்துக்கெழமையானாப் போட்டுருவாங்க."

"ரெண்டு பேரு ஆடறதுதானுங்களே?"

"ரெண்டு பேரு ஆடறதுதான். தனியா ஆடுனா நல்லாவா இருக்கும்?"

"வேகமா ஆடுனா எனக்குத் தலை சுத்துமுங்க."

"மெதுவாவே ஆடலாம் அம்மிணி. நான் புடிச்சுக்கறேன்."

அன்றிலிருந்து அவர்களுக்குப் பேச்சு வந்துவிட்டது. வாராவாரம் ஸ்விங் பேச்சுதான். என்ன சேலை கட்டிக்கொண்டு ஆடலாம், சாயங்காலம் ஆடுவது நல்லதா மதியம் ஆடுவது நல்லதா, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று பேசிப் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். தகிட ஃபோனை வைத்துவிட்டு நாள் முழுக்கச் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பார். புத்திசாலி வாசகர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பக்கத்திலேயே நின்று வார்த்தைக்கு வார்த்தை கேட்ட எனக்குப் புரியவில்லை.

விசா வந்தது. நான் மரியாதையாக, அதே கட்டடத்தில் அவர்களுக்கு நேர் கீழ் வீட்டுக்கு மாறினேன். ஏர்போர்ட்டுக்கு இருவரும் போனோம். சுமதியின் ஒரு பெட்டியை என்னால் தூக்கவே முடியவில்லை. கஸ்டம்ஸில் அதைத் திறக்கச் சொன்னார்களாம். உள்ளே கிளியும் பூவும் கோத்த கனமான பித்தளைச் சங்கிலிகள், நான்கு. அதிகாரி இது என்ன என்று கேட்க, சுமதி வெட்கப்பட்டுக்கொண்டே "ஸ்விங்" என்றிருக்கிறார். அவரும் சிரித்து அனுப்பிவிட்டார். சுமதி இதைக் காரில் சொன்னபோது தகிட தலையை ஆட்டினார். ஆடும்போது அணிகிற நகை போலிருக்கிறது என்று நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

வீட்டுக்குள் வந்த சுமதி ஹாலில் நின்று மேலே பார்த்தார். படுக்கையறைக்குப் போய் மேலே பார்த்தார். பால்கனியிலும் மேலே பார்த்தார்.

"ஏனுங்க, எங்கீங்க போட்டிருக்கறீங்க?"

"எதைய?"

"ஸ்விங்கைய."

வந்ததும் வராததுமாக ஆடக் கேட்கிறாளே என்று தகிடவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சோஃபாவைச் சுவரோரம் தள்ளினார். டேப்பைப் போட்டார். ஹாலின் நடுவில் நின்று கையை நீட்டி, "வா" என்றார். சுமதி அந்தக் கையைப் பார்த்தார். மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

விளங்கச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. நான் பெட்டியை வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும், நடுவில் மாட்டிக்கொண்டேன். சுமதி நினைத்துக்கொண்டிருந்தது ஊஞ்சலை. அவர் வீட்டில் சின்ன வயதில் ஒன்று இருந்ததாம். பாகப்பிரிவினையில் பலகை ஒருவருக்கும் சங்கிலி ஒருவருக்கும் போய்விட்டதாம். அந்தச் சங்கிலியைத்தான் சித்தப்பாவிடம் கேட்டு வாங்கி, துணிமணியைக் குறைத்துக்கொண்டு எடுத்துவந்திருந்தார். சுமதி கத்தவில்லை. மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப, இத்தனை நாளா நாம பேசுனதெல்லாம் வேற வேறயாங்க?"

தகிட போய் டேப்பை நிறுத்தினார்.

மறுநாளிலிருந்து அவர் நடக்க ஆரம்பித்தார். எங்கள் கட்டடம் மரத்தால் ஆனது. மேலே யார் காலை வைத்தாலும் கீழே கேட்கும். சாதாரணமாக, உங்களையும் என்னையும்போல, இடது வலது இடது வலது என்று நடந்தார். சமையலறையிலிருந்து வாசலுக்கு ஏழு நொடியில் போனார். இரண்டு வருஷமாக அவருடைய அந்தத் தாளச் சத்தத்தைத் திட்டித் தீர்த்தவன் நான். இப்போது இந்த நடையைக் கேட்கச் சகிக்கவில்லை. சங்கிலிப் பெட்டி வாசல் பக்கமே நின்றது, திரும்பிப் போகக் காத்திருப்பதுபோல.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சுமதி என் கதவைத் தட்டினார்.

"அண்ணா, அவரு நெசமாவே நல்லா ஆடுவாருங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நல்லான்னு சொல்ல முடியாதும்மா. ஆனா ஆடறப்ப ரொம்ப சந்தோஷமா இருப்பாரு."

"அவரு நடக்கறதைப் பாத்தா எனக்கே பாவமா இருக்குதுங்கண்ணா. கூட்டிட்டுப் போங்க. நான் சும்மா உக்காந்து பாக்கறேன்."

நான்தான் கார் ஓட்டினேன். கூடத்தில் சுமதி பட்டுச்சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு நாற்காலி தள்ளி தகிட. கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

டோரத்தி வந்து சுமதியின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஏதோ சொன்னார். அந்த உச்சரிப்பு புரியாமல் சுமதி என்னைப் பார்த்தார். நான் தமிழில் சொன்னேன்.

"இங்க கடைசிப் பாட்டு எப்பவும் மெதுவான பாட்டாம்மா. அதை மட்டும் உங்க வீட்டுக்காரர் இதுவரைக்கும் யாரோடயும் ஆடினதே இல்லையாம். எத்தனை தடவை கேட்டும் மாட்டேன்னுட்டாராம். அது ஏற்கெனவே ஒருத்தருக்குக் குடுத்தாச்சுன்னு சொல்லுவாராம்."

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக அவர் கடைசிப் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கால்வலி என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. கிளாரினெட் தனியாக எழுந்து, சாக்ஸபோன்கள் ஒவ்வொன்றாக அதற்கடியில் வந்து சேர்ந்தன. தகிட முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமதி எழுந்துபோய் அவர் எதிரில் நின்றார்.

"ஏனுங்க, எந்திரிங்க."

"வேண்டாம் அம்மிணி. உனக்குப் புடிக்காதது..."

"புடிக்குமா புடிக்காதான்னு எனக்கே தெரியாதுங்க. வாங்க."

போனார்கள். இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கலாம், அவ்வளவு இடைவெளி. அவர் உள்ளங்கையின் மேல் சுமதியின் விரல்நுனி மட்டும் இருந்தது. ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை. நின்ற இடத்தில் லேசாக அசைந்தார்கள், பேசினார்கள். பாட்டு முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருமுறை சுமதி சிரித்தார். ஒருமுறை தகிட கண்ணைத் துடைத்தார். என்ன பேசினார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

பாட்டு முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். டிரம்பெட்டுகள் பெட்டிக்குள் போயின, நாற்காலிகளை மடித்து அடுக்கினார்கள், கைத்தடிக்காரர் கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர்கள் இருவரும் நடுவில் அசைந்துகொண்டே இருந்தார்கள். இசை நின்றுவிட்டது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கூடத்தைப் பூட்ட வந்தவர் சாவியோடு என்னைப் பார்த்தார். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். எனக்குத் தகிடவை அவ்வளவு பிடிக்கும்.